ரைட் அக்காவின் கள்ளி வேலி

ரைட் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது டிப்போவின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. இருபத்தேழு வருடமாக நகரப் பேருந்தில் கண்டக்டராக நின்று, ஒவ்வொரு நிறுத்தத்திலும் "ரைட், ரைட்!" என்று அவள் போட்ட சத்தம் அந்தப் பெயரை எப்போதோ விழுங்கிவிட்டது. வீட்டுக்காரரே வாய்தவறிச் சில நேரம் "ரைட் அக்கா" என்று கூப்பிட்டுவிட்டுத் திருதிருவென்று விழிப்பார்.

ஆளுக்கொரு பழக்கம் இருக்கும். அக்காவுக்குக் கட்டைவிரல். டிக்கெட் கிழிக்கும் முன் கட்டைவிரல் நுனியை நாக்கில் ஒரு ஒற்று ஒற்றிக்கொள்வாள். ஒரு நாளைக்கு எத்தனை ஒற்று என்று அவளே எண்ணியதில்லை. வேலையில் ஆரம்பித்தது வீட்டுக்கும் வந்துவிட்டது. செய்தித்தாள் புரட்டவும் நாக்கு, பிளாஸ்டிக் பையைப் பிரிக்கவும் நாக்கு. தூக்கத்தில் போர்வையை விலக்குவதற்குக்கூட விரலை நக்குகிறாள் என்று வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். அவர் தையல்காரர், அளந்துதான் பேசுவார். இருந்தாலும் இந்த விஷயத்தில் ஓரத்தில் கொஞ்சம் துணி விட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

அவளுடைய வண்டியின் டிரைவர் அவளுக்கு நேர் எதிர். பதினெட்டு வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி. அத்தனை வருடத்தில் அவர் பேசியதை ஒரு டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் வண்டி முழுவதையும் பார்த்துக்கொண்டே இருப்பார். புருவம் ஏறினால் படிக்கட்டில் ஆள் தொங்குகிறது என்று அர்த்தம். இறங்கினால் எல்லாம் சரி. அக்கா அவரை "அண்ணே" என்பாள். அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிடமாட்டார், அப்படியே கூப்பிட்டால் "ம்மா".

இனி அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிப்போவின் பின்மூலையில் பெண் ஊழியர்களுக்கென்று ஓர் ஓய்வறை இருந்தது. தகரக் கூரை, ஒரு பெஞ்சு, ஒரு சன்னல். அந்தச் சன்னலை எந்தப் புண்ணியவான் வைத்தானோ, வண்டிகள் திரும்பும் மைதானத்தைப் பார்த்து வைத்திருந்தான். திறந்தால் புழுதியும் டீசல் புகையும் வரும், கூடவே போகிற வருகிற ஆண்களின் கண்ணும் வரும். மூடினால் அறை அடுப்பாகிவிடும். காலையில் ஐந்து மணி நேரம் நின்றுவிட்டு வரும் ஆறு பெண்கள் ஷூவைக் கழற்றிக் காலை நீட்டக்கூட வழியில்லாமல் அதில் வெந்துகொண்டிருந்தார்கள். சன்னலுக்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர் கேட்டு எழுதினார்கள். "ஆவன செய்யப்படும்" என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார்கள். மறுபடியும் ஆவன செய்யப்படுவதாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் யாரோ ஒரு பயணி அக்காவின் வண்டியில் ஒரு பொட்டலத்தை மறந்துவிட்டுப் போனார். பழைய பேப்பரில் சுற்றிய நான்கு பச்சைக் குச்சிகள். இலை இல்லை, பூ இல்லை, பென்சில் பருமனில் கிளைக்குள் கிளையாக வெறும் குச்சி. விதிப்படி அதைத் தொலைந்த பொருள் அலமாரியில் வைத்தாள். தொண்ணூறு நாளில் யாரும் கேட்டு வராவிட்டால், கண்டெடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த டிப்போவின் வழக்கம். தொண்ணூற்றோராம் நாள் குப்பையில் போடுவதற்காகப் பிரித்தால், இருட்டு அலமாரியில், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல், ஒரு குச்சி நுனியில் புதுத்தளிர் விட்டுக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, உனக்கிருக்கற தெம்புல பாதி இந்த டிப்போல யாருக்கும் இல்லையே" என்றாள் அக்கா. அந்த நிமிடமே நட்பாகிவிட்டார்கள்.

அது கொம்புக்கள்ளி என்று பிறகு ஒரு நாற்றுப் பண்ணைக்காரர் சொல்லித் தெரிந்தது. வறட்சியைப் பற்றிக் கவலையே படாத செடி. ஆனால் அக்காவுக்குப் பாசம் அதிகம். நான்கு குச்சியையும் ஓய்வறைச் சன்னலுக்கு வெளியே நட்டு, தினமும் தன் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றினாள். மூன்றாவது வாரம் இரண்டு குச்சி அடியில் கொழகொழத்து அழுகிச் சாய்ந்தது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள். மிச்சமிருந்த இரண்டைப் பிடுங்கி, மண்ணோடு மணலும் செங்கல் தூளும் கலந்து, தண்ணீர் தேங்காத மேட்டில் மறுபடி நட்டாள். பதினைந்து நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் என்று தன் கையைத் தானே கட்டிக்கொண்டாள். கள்ளி கிடுகிடுவென்று ஏறியது.

அது கிளைத்ததும் வெட்டி வெட்டி நட ஆரம்பித்தாள். வெட்டிய கிளையை உடனே நட்டால் வெட்டுவாயில் ஈரம் இறங்கி அழுகிவிடும். ஒரு வாரம் நிழலில் போட்டு, வெட்டிய இடம் தோல்போலக் காய்ந்த பிறகுதான் நட வேண்டும். ஆறு வருடத்தில் நாற்பது அடி நீளத்துக்கு, ஆள் உயரத்தையும் தாண்டி, பச்சையாக ஒரு வேலி எழுந்து நின்றது. ஆறு பெண்களும் சன்னலைத் திறந்தார்கள். காற்று வந்தது, கண் வரவில்லை. ஷூவைக் கழற்றினார்கள்.

ஆனால் கள்ளி கள்ளிதான். உடைத்தால் வெள்ளைவெளேரென்று பால் வடியும். முதல் வருடமே ஒரு சொட்டு அக்காவின் முழங்கையில் பட்டு, கொப்புளம் வந்து, பத்து நாள் எரிந்தது. அதிலிருந்து அவள் சட்டம் போட்டுவிட்டாள். வெல்டிங் பட்டறையிலிருந்து கண்ணாடி வாங்கி வைத்தாள். ரப்பர் கையுறைக்கு மேல் போட, தோள்வரை வரும் முழுக்கை உறைகளை வீட்டுக்காரர் பழைய சீருடைத் துணியில் தைத்துக் கொடுத்தார். வண்டியில் மாட்டிக் கழித்துப் போட்ட ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்றில் அவளே பெயின்டால் எழுதி வேலியில் கட்டினாள்: "இந்தப் பால் விஷம். உடைக்காதே. தோலில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவு. கண்ணில் பட்டால் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பு. வெட்டிய குச்சியை எரிக்காதே, புகையும் ஆகாது."

படித்தவன் ஜாக்கிரதையாக இருப்பான். டிப்போவில் டயர் மாட்டுகிறவர் படிக்கவில்லை. ஒரு மத்தியானம் வேலிப் பக்கம் வந்தவருக்கு முதுகு அரித்தது. கை எட்டவில்லை. பக்கத்தில் வாகாக ஒரு குச்சி இருக்கிறதே என்று படக்கென்று ஒடித்து, சட்டைக்குள் விட்டுச் சுகமாகச் சொறிந்துகொண்டார். பிறகு அதே கையால் முகத்து வேர்வையைத் துடைத்தார். அவர் போட்ட அலறல் பெட்ரோல் பங்க் வரை கேட்டதாம். பலகையில் எழுதியிருந்தபடி பெண்கள் ஓடிவந்து குழாயடியில் உட்காரவைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்ததால் பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி, இரண்டு வாரம் கறுப்புக் கண்ணாடி, முதுகில் வரிவரியாகக் கொப்புளம்.

அப்போதுதான் டிப்போவுக்குப் புது மேனேஜர் வந்திருந்தார். எதையும் மூன்று பிரதி எழுதச் சொல்வார் என்பதால் வந்த வாரத்திலேயே அவருக்கு "முப்பிரதி" என்று பெயர் விழுந்துவிட்டது. கெட்டவர் இல்லை, காகிதத்தைத் தவிர எதையும் நம்பாதவர், அவ்வளவுதான். அக்காவைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு கண்ணு தப்பிச்சுது. நாளைக்கு போச்சுன்னா யார் பதில் சொல்றது? சனிக்கிழமை மெஷின்காரன் வரான். வேலிய எடுத்துடறோம்."

"சார், மெஷின் வெச்சா பால் நாலா பக்கமும் தெறிக்கும். வெட்டறவன் கண்ணுதான் மொதல்ல போகும்."

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

அக்கா நினைத்துப் பார்த்தாள். மறுபடி அந்த அறை, மூடிய சன்னல், தகரத்துக்குக் கீழே ஆறு பேர். வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

"நாங்களே கைரம்பத்தால, கண்ண மறைக்கற உயரம் மட்டும் விட்டு வெட்டி ஒழுங்கு பண்றோம். ஒருத்தர் மேல ஒரு சொட்டு பட்டாலும், வேலிய வேரோட நானே பிடுங்கிப் போட்டுடறேன். இது என் வார்த்தை."

"எழுதிக் குடுங்க. மூணு பிரதி" என்றார் முப்பிரதி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. அக்காவோடு நான்கு பெண்களும் டிரைவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் தோள்வரை உறை, கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் துணி. ஏதோ கிரகத்துக்குப் புறப்படுகிற கூட்டம் மாதிரி இருந்தது. அக்கா விசில் ஊதிய பிறகும் ஏறும் ஆட்களை விரட்டுவது போல எல்லோரையும் விரட்டினாள்.

"காத்து முதுகுப் பக்கம் இருக்கற மாதிரி நில்லுங்க. தலைக்கு மேல இருக்கறத யாரும் தொடாதீங்க. வெட்டின உடனே தண்ணி அடிங்க, பால் நிக்கும். மூக்கு அரிச்சா அரிக்கட்டும், செத்தா போயிடுவீங்க? வேல முடிஞ்சதும் கையுறையோட சோப்பு போட்டுக் கழுவணும், அப்பறந்தான் கழட்டணும், கழட்டினப்பறம் கைய திருப்பியும் கழுவணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. ஒருவர் ரம்பம் போட, ஒருவர் தெளிப்பானால் தண்ணீர் அடிக்க, டிரைவர் நீளக் கிடுக்கியால் கிளைகளை எடுத்துச் சாக்கில் போட்டார். பன்னிரண்டு சாக்கு நிறைந்தது. ஒருவர் மேலும் ஒரு சொட்டுப் படவில்லை. மூக்கு அரித்தவள் ஒருத்தி மட்டும் பாவம், இரண்டு மணி நேரம் முகத்தைக் கோணிக்கொண்டே வேலை செய்தாள். மற்றவர்கள் கழுவக் குழாயடிக்குப் போனார்கள். அக்கா கடைசிச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து முப்பிரதி கையில் காகிதத்தோடு வந்தார். விடுமுறை நாளிலும் வந்திருந்தார், அதைப் பாராட்டத்தான் வேண்டும். வேலியைப் பார்த்தார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

"பிரமாதம். யாருக்கும் ஒண்ணும் ஆகலேன்னு ஒரு கையெழுத்து போட்டுடுங்க. மூணு பிரதி."

ஜெயித்த சந்தோஷத்தில் அக்கா கையுறையைச் சடக்கென்று உருவிப் போட்டாள். காகிதங்களை வாங்கினாள். மூன்றும் ஒட்டிக்கொண்டிருந்தன. இருபத்தேழு வருடம் என்ன செய்தாளோ அதையே செய்தாள். கட்டைவிரல் நாக்குக்குப் போய் வந்தது. ஒரு பிரதி, இன்னொரு ஒற்று, இரண்டாம் பிரதி, இன்னொரு ஒற்று, மூன்றாம் பிரதி. மூன்றிலும் அழகாகக் கையெழுத்துப் போட்டாள்.

மேனேஜர் கேட்டைத் தாண்டுவதற்குள் நாக்கு எரிய ஆரம்பித்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், கையுறையை உருவும்போது அதன் வெளிப்பக்கத்தை வெறும் விரலால் பிடித்து இழுத்திருந்தாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். அக்கா விரலால் கெட்டு வாயால் அனுபவித்தாள். மற்றவர்கள் கழுவிவிட்டுப் போயிருந்த குழாயடிக்கு யாரிடமும் சொல்லாமல் ஓடி, கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பினாள். வீட்டுக்குப் போவதற்குள் நாக்கும் உதடும் வீங்கிவிட்டன. வீட்டுக்காரர் பார்த்ததுமே பயந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

"நல்லவேளை, முழுங்கல" என்றார் டாக்டர். "அஞ்சாறு நாள் பேச வேண்டாம். ஆறினது எல்லாமா சாப்பிடுங்க."

வீட்டுக்காரர் வரும் வழியெல்லாம் கவலைப்பட்டுவிட்டு, வாசலில் மெதுவாகச் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இன்னிக்குத்தான் நம்ம வீட்டுல நான் பேசப் போறேன். ஆனா என்ன பேசறதுன்னுதான் தெரியல."

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தால் சந்தேகம் வருமே என்று அக்கா வேலைக்குப் போனாள். தொண்டையைத் தொட்டுக் காட்டி, சளி என்று சைகை செய்தாள். விசில் மட்டும் ஊதினாள், அதுவும் உதட்டு ஓரத்தில் வைத்து. முதல் நிறுத்தம் வந்தது. இறங்க வேண்டியவர்கள் அக்காவின் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். அப்போது வண்டியின் முன்பக்கத்திலிருந்து ஒரு கனமான குரல் வந்தது.

"மார்க்கெட். மார்க்கெட் எறங்கறவங்கல்லாம் வாங்க."

டிரைவர்! வண்டியே திரும்பிப் பார்த்தது. தினமும் வரும் ஒரு பெரியவர், "யோவ், உனக்குப் பேச வருமா?" என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டார். டிரைவர் அடுத்த நிறுத்தத்தில் "ஸ்கூல்" என்றார். ஒரு நிறுத்தத்தைக்கூட விடவில்லை. பதினெட்டு வருடமாக மனுஷன் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து உள்ளேயே வைத்திருந்திருக்கிறார்.

ஓய்வறையில் ஒரே கொண்டாட்டம். வெட்டிய வேலி கச்சிதமாக இருந்தது. ஆளாளுக்கு அக்காவைக் கட்டிப்பிடித்தார்கள். அவள் சிரித்தாள், சிரித்தால் உதடு எரிந்தது. உதட்டைவிட வேறொன்று அதிகமாக எரிந்தது. ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், தன் வாயால் கொடுத்த வார்த்தைப்படி வேலி போகும். சொல்லாவிட்டால் எல்லாம் சுபம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை சொல்லாமல் இருப்பதென்றுதான் தீர்மானமாக இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டயர்காரர் கறுப்புக் கண்ணாடியோடு வந்து, ஓய்வறை வாசலிலேயே நின்றார்.

"அக்கா, என்னாலதான் உங்க வேலி போகப் பாத்துச்சு. மேனேஜர்கிட்ட போய்ச் சொல்லிட்டேன், தப்பு செடிமேல இல்ல, படிக்காம ஒடிச்ச என்மேலதான்னு. மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க."

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். கண் வெந்தவன் தன் தப்பை ஒத்துக்கொண்டு போகிறான், சட்டம் எழுதியவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

புதன்கிழமை காலை மேனேஜர் மேசையில் மூன்று பிரதி வைத்தாள். இப்படி எழுதியிருந்தது: "ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்குப் பால் பட்டது. அது நான். பட்ட இடம் நாக்கு. என் சட்டத்தை நானே மீறினேன். நான் போட்ட கையெழுத்து பொய். வேலியை வேரோடு எடுக்க எனக்கு இரண்டு ஞாயிறு வேண்டும். மெஷின் மட்டும் வேண்டாம்."

முப்பிரதி இரண்டு தடவை படித்தார். மூன்றாவது பிரதியையும் எடுத்து, அதிலும் அதேதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"யாரும் பாக்கலையே. ஏன் சொன்னீங்க?"

அக்கா பேனாவை எடுத்து ஒரு துண்டுத் தாளில் எழுதினாள்: "டிக்கெட் எடுக்காதவங்கள இருபத்தேழு வருஷமா எறக்கி விடறேன். நான் மட்டும் எப்படி சும்மா போறது?"

அவர் எழுந்தார். பின்மூலைக்கு நடந்தார், அக்காவும் பின்னாலேயே போனாள். பெண்கள் ஓய்வறைக்கு ஒரு மேனேஜர் வருவது அதுதான் முதல் தடவை. விஷயம் அதற்குள் பரவியிருந்தது, பெண்கள் எழுந்து வழிவிட்டார்கள். சன்னல் திறந்திருந்தது, வேலியின் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"சன்னல மூடிட்டா ரொம்ப கஷ்டமா?" என்று கேட்டார்.

மூக்கு அரித்தவள்தான் முன்னால் வந்தாள். "மூடிக் காட்டட்டுமா சார்?" என்று பதிலுக்குக் காத்திராமல் மூடியும்விட்டாள். கதவையும் சாத்தினாள். மூன்றாவது நிமிடம் முப்பிரதி காலர் பொத்தானை அவிழ்த்தார். ஐந்தாவது நிமிடம், "போதும்மா, தொறந்துடு" என்றார்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, கர்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "விஷச் செடி இருக்கற எடத்துல, பட்டுதுன்னா பட்டுதுன்னு சொல்ற ஆள் வேணும். நீங்க மறைச்சு, அது பின்னாடி எனக்குத் தெரிஞ்சிருந்தா, அன்னிக்கே எடுத்திருப்பேன். அடுத்தவனுக்குப் பட்டாலும் மறைப்பீங்கன்னு அர்த்தமாயிருக்கும். இப்ப வேலி இருக்கட்டும். முன்னாடி ஒரு கஜம் தள்ளி ரெண்டு வரி கம்பி கட்டச் சொல்றேன், யாரும் கிட்ட போகாத மாதிரி."

பெண்கள் போட்ட கூச்சலில் தகரம் அதிர்ந்தது. அக்கா அழுதுவிட்டாள். வெட்கமே படவில்லை, ஆறு வருடத்துக் காற்றுக்கும் சேர்த்து அழுதாள். மேனேஜர் தன் அறைக்குப் போய், காகிதம் புரட்ட வைத்திருக்கும் ஈரப் பஞ்சுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார்.

"இனிமே நாக்கு பேசறதுக்கு மட்டும். இதுக்கும் மூணு பிரதி உத்தரவு வரும்."

பலகையில் கடைசி வரியாக அக்காவே சேர்த்து எழுதினாள்: "கழுவாத விரலை வாயில் வைக்காதே." புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதைப் படித்து, எந்த முட்டாள் இதைச் செய்திருப்பான் என்று சிரிப்பார்கள். "முட்டாள் இங்கதான் நிக்கறேன், டிக்கெட் வேணுமா?" என்பாள் அக்கா.

குரல் திரும்பிய அன்று காலை வண்டி கிளம்பும் முன், அவள் டிரைவர் பக்கம் போய் நின்றாள். பஞ்சுக் கிண்ணம் தோள்பையில் இருந்தது.

"அண்ணே, எனக்கு வாய் வெந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? திங்கக்கிழமை நான் கேக்காமலே கூவ ஆரம்பிச்சுட்டீங்களே."

"ஞாயித்துக்கெழமையே குழாயடிலேர்ந்து பாத்தேன். நீ பேப்பர் பிரிச்சப்ப."

"பாத்துட்டா மூணு நாள் சும்மா இருந்தீங்க?"

டிரைவர் கண்ணாடியைச் சரிசெய்தார். இவ்வளவு நீளமாக அவர் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

"நான் சொன்னா அது காட்டிக்குடுத்த மாதிரி. நீதான் சொல்லணும். சொல்லுவேன்னு தெரியும். சொல்லலேன்னா வேற வண்டி கேட்டு எழுதியிருப்பேன்."

அக்கா தன் இடத்துக்குப் போய், பஞ்சில் கட்டைவிரலை ஒற்றி, முதல் டிக்கெட்டைக் கிழித்தாள்.

"ரைட்ண்ணே!" என்றாள்.

கண்ணாடியில் புருவம் இறங்கியது. வண்டி கிளம்பியது.